ஓக் பார்க்கில் ஒரு பகல்

சிகாகோவை ஒட்டிய ஓக் பார்க்கில், கட்டடக் கலைஞர் ஃப்ராங்க் லாயிட் ரைட்டின் வீட்டைக் காண ஒரு நாள் சென்றிருந்தோம். தம் முதலாளி லூயி சல்லிவனிடம் கடன் பெற்று, 1889இல், 22 வயதில் அவர் கட்டிய வீடு அது. 1895இல் குழந்தைகளுக்கென வளைகூரை வேய்ந்த விளையாட்டறையைச் சேர்த்தார். 1898இல் பணிக்கூடத்தை இணைத்தார். பிரெய்ரி பாணி உருக்கொண்டது இங்கேதான்.

அங்கிருந்து நடந்து, அவர் வடிவமைத்த சேனி இல்லத்தையும் பார்த்தோம். 1909இல் அவ்வில்லத்தின் தலைவி மேமாவுடன் ரைட் ஐரோப்பா சென்றார். மனைவி கேதரினையும் ஆறு பிள்ளைகளையும் ஓக் பார்க்கிலேயே விட்டுச் சென்றார். திரும்பி வந்தபின், 1911இல், பணிக்கூடத்தைக் குடும்பத்தின் குடியிருப்பாக மாற்றி அமைத்தார். பழைய வீடு வருமானத்துக்காக வாடகைக்கு விடப்பட்டது.

1987இல் நிறைவுற்ற புனரமைப்பு, அம்மாற்றங்களை அகற்றிக் கட்டடத்தை 1909ஆம் ஆண்டுத் தோற்றத்துக்கு மீட்டது. கலை வரலாற்றின் நோக்கில் அது நியாயமே. பணிக்கூடத்தில், சங்கிலிகள் தாங்கும் மேல்தளத்தை வியந்துதான் பார்த்தோம். ஆயினும் கேதரின் பிள்ளைகளோடு வாழ்ந்த அறைகள் அங்கே இல்லை. ஒரு வீட்டைப் பாதுகாக்கும்போது யாருடைய ஆண்டுகளைப் பாதுகாக்கிறோம் என்ற கேள்வியுடன் திரும்பினோம்.