தாவரச் சுவாசமும் பெயர்க் குழப்பமும்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

விலங்குகள் ஆக்சிஜனை உள்ளிழுத்துக் கரியமில வாயுவை வெளிவிடுகின்றன. தாவரங்கள் கரியமில வாயுவை உள்ளிழுத்து ஆக்சிஜனை வெளிவிடுகின்றன என்னும் கூற்று வகுப்பறைகளில் இன்றும் ஒலிக்கிறது. இதன் பிற்பகுதி, உணவாக்கத்தைச் சுவாசமாகக் கொள்ளும் பிழையுடையது. தாவரமும் விலங்கைப் போன்றே இரவும் பகலும் ஆக்சிஜனைக் கொண்டு சுவாசிக்கிறது. இதற்கான சான்று 1779ஆம் ஆண்டிலேயே கிடைத்தது. எனினும், அது ஐயமற நிலைபெற எண்பது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. இக்காலத்தாழ்வில் பெயரீட்டுக்கு இருந்த பங்கினை இக்கட்டுரை ஆராய்கிறது.

புதினாவும் மெழுகுத்திரியும்

1771 ஆகஸ்டு 17 அன்று ஜோசப் பிரீஸ்ட்லி, மெழுகுத்திரி எரிந்து அணைந்த காற்றினுள் ஒரு புதினாக் கிளையை வைத்தார். அதே மாதம் 27ஆம் நாள் அக்காற்றில் வேறொரு மெழுகுத்திரி நன்கு எரிந்தது. நெருப்பும் விலங்கின் மூச்சும் கெடுத்த காற்றைத் தாவரம் சீராக்குகிறது என அவர் கருதினார். ஆனால் ஷீலேயின் சோதனைகளில் தாவரம் காற்றைக் கெடுத்தது. பிரீஸ்ட்லியின் பிற்காலச் சோதனைகளும் ஒருபடித்தான முடிவைத் தரவில்லை. ஒளியின் பங்கு அறியப்படாமையே இம்முரணுக்குக் காரணமாகும்.

இங்கென்ஹவுஸ் கண்ட இரு செயல்கள்

டச்சு மருத்துவரான யான் இங்கென்ஹவுஸ் 1779ஆம் ஆண்டுக் கோடையில் இங்கிலாந்தில் தங்கி, மூன்று மாதங்களுக்குள் ஐந்நூறுக்கும் மேற்பட்ட சோதனைகளைச் செய்தார். தாவரத்தின் பசிய உறுப்புகள் மட்டுமே காற்றைச் சீராக்குகின்றன; அதற்கு வேண்டுவது கதிரவனின் ஒளியே, வெப்பமன்று; இருளில் எல்லா உறுப்புகளும் காற்றைக் கெடுக்கின்றன; வேரும் மலரும் பகலிலும் அவ்வாறே செய்கின்றன என்பன அவர்தம் முடிவுகள். ஒரே செடியில் இருவேறு வளிப் பரிமாற்றங்கள் நிகழ்வதை இம்முடிவுகள் காட்டின. ஒளியில் நிகழும் செயலுக்குக் கரியமில வாயு தேவை என்பதை 1782இல் ஜெனீவாவின் செனெபியே விளக்கினார்.

விலங்குச் சுவாசம்

இதே காலத்தில் லவாய்சியரும் லாப்லாசும் பனிக்கட்டிக் கலத்தினுள் கினிப் பன்றியை வைத்து, அது வெளியிட்ட வெப்பத்தையும் கரியமில வாயுவையும் அளந்தனர். சுவாசம் என்பது மெதுவாக நிகழும் எரிதலே என 1783இல் அறிவித்தனர். அவ்வெரிதல் நுரையீரலில் நிகழ்வதாக லவாய்சியர் எண்ணினார். ஸ்பல்லன்சானியோ, உடலினின்று பிரித்தெடுத்த திசுக்களும் ஆக்சிஜனை ஏற்பதைக் கண்டார். சுவாசத்திற்கு நுரையீரல் இன்றியமையாததன்று எனின், நுரையீரலற்ற தாவரமும் சுவாசிக்கலாம் என்பது இதிலிருந்து பெறப்படும்.

பெயரால் விளைந்த குழப்பம்

1804இல் தெ சொசூர், முளைக்கும் விதைக்கும் வேருக்கும் ஆக்சிஜன் இன்றியமையாதது என்பதை அளவீடுகளால் நிறுவினார். ஆயினும், அக்கால நூல்கள் பல ஒளியில் நிகழ்வதைப் பகல் சுவாசம் என்றும், இருளில் நிகழ்வதை இரவுச் சுவாசம் என்றும் வழங்கின. நேர்மாறான இரு செயல்களுக்கு ஒரே பெயர் வாய்த்தமையால், தாவரத்தின் சுவாசம் விலங்கினதற்கு எதிரானது என்னும் கருத்து வலுப்பெற்றது. பெரும் வேதியியலாளரான லீபிக்கும் 1840இல் தாவரச் சுவாசத்தை மறுத்தார். இரவில் வெளிப்படும் கரியமில வாயு, வேர் உறிஞ்சிய நீருடன் வந்து இலைவழி வெளியேறுவதே என்றார். ஜூலியஸ் சாக்ஸ் 1865இல் வெளியிட்ட நூலில், ஒளியில் நிகழ்வதைத் தன்மயமாக்கல் எனப் பிரித்து, சுவாசம் என்னும் பெயரை ஆக்சிஜன் ஏற்கும் செயலுக்கே உரியதாக்கினார். ஒளிச்சேர்க்கையைக் குறிக்கும் இன்றைய ஆங்கிலச் சொல் 1893இல்தான் முன்மொழியப்பட்டது.

முடிவுரை

சான்று இருந்தும் சொல் பிரியாதவரை கருத்துத் தெளிவு பிறக்கவில்லை என்பதை இவ்வரலாறு உணர்த்துகிறது. தமிழில் ஒளிச்சேர்க்கை, சுவாசம் என இரு தனிச் சொற்கள் உள்ளன. அவற்றை மயங்கவைத்துக் கற்பிப்பது, சாக்ஸ் களைந்த பிழையை மீண்டும் நடுவதாகும். இலையே தோன்றாத விதை முளைப்பதற்கும், நீர் தேங்கிய நிலத்தில் பயிரின் வேர் அழுகுவதற்கும் உரிய விளக்கம், தாவரமும் நம்மைப் போலவே சுவாசிக்கிறது என்பதை ஏற்றால்தான் மாணவர்க்குப் புலப்படும்.