ஷார்ஜாவில் கிரிக்கெட், துபாயில் பேஸ்பால்: இரண்டு வெள்ளோட்டங்கள்

அமெரிக்காவில் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பேஸ்பால் பயிற்சி ஆட்டங்கள் நடக்கும். பெரிய லீகின் 30 அணிகளும் சரிபாதியாகப் பிரிந்து அரிசோனாவிலும் ஃபுளோரிடாவிலும் முகாமிடும். யார் ஜெயித்தாலும் அது சீசன் கணக்கில் சேராது. ஆனாலும் கூட்டம் வரும், ஏனென்றால் அந்த ஊர்க்காரர்களுக்கு ஆட்டம் ஏற்கெனவே தெரியும். வளைகுடாவில் இரண்டு விளையாட்டுகள் இப்படிக் கணக்கில் சேராத ஆட்டங்களோடு கடை விரித்தன. ஒன்றுக்கு ஊரே திரண்டது. மற்றொன்று இன்னும் ஆள் தேடிக்கொண்டிருக்கிறது.

முதலாவது 1981இல் ஷார்ஜாவில் நடந்தது. கராச்சியில் படித்தபோது கிரிக்கெட் பைத்தியம் பிடித்துத் திரும்பிய அப்துல் ரஹ்மான் புகாதிர், கவாஸ்கர் அணியையும் மியாந்தாத் அணியையும் மோதவிட்டார். வீரர்களுக்கு நிதி திரட்டும் காட்சி ஆட்டம்தான் அது. மூன்றே ஆண்டுகளில், 1984இல், முதல் ஆசியக் கோப்பை அங்கே நடந்தது. 1986 ஏப்ரல் 18ஆம் தேதி, சேத்தன் சர்மாவின் கடைசிப் பந்தில் மியாந்தாத் அடித்த சிக்ஸரை இன்றைக்கும் பேசுகிறோம். அது வெள்ளிக்கிழமை, அப்போதெல்லாம் அமீரகத்தின் வாரவிடுமுறை நாள். புகாதிரின் பணத்தோடு இந்த விடுமுறைக்கும் ஷார்ஜாவின் வெற்றியில் பங்குண்டு என்பேன். வேலை முடிந்து அறைக்குத் திரும்பினால் பேச ஒரு விஷயம் தேவைப்பட்ட லட்சக்கணக்கான ஆண்கள் இங்கே இருந்தார்கள். கார் நிறுத்துமிடத்தில் டேப் சுற்றிய பந்தோடு அவர்களே ஆடிக்கொண்டும் இருந்தார்கள். அரங்கம் வருவதற்கு முன்பே ரசிகர் கூட்டம் தயார்.

இரண்டாவது 2023 நவம்பர் 24, 25 தேதிகளில் நடந்தது. பேஸ்பால் யுனைடெட் என்ற புதிய லீக், 25,000 பேர் அமரக்கூடிய துபாய் கிரிக்கெட் அரங்கத்தில் காட்சி ஆட்டங்களை நடத்தியது. ராபின்சன் கனோ, ஐம்பது வயதான பார்ட்டோலோ கோலோன் போன்ற முன்னாள் பெருந்தலைகள் வந்தார்கள். அணிகளுக்குச் சூட்டிய பெயர்களைப் பாருங்கள்: மும்பை கோப்ராஸ், கராச்சி மோனார்க்ஸ். ஷார்ஜாவின் பழைய பகையைச் சட்டையில் அச்சடித்துவிட்டார்கள். போட்டிருப்பவர்களில் பெரும்பாலோர் அமெரிக்கர்கள், லத்தீன் அமெரிக்கர்கள். அதில் தவறில்லை. ராஞ்சிக்காரரைச் சென்னை 'தல' என்று கொண்டாடவில்லையா? ஆனால் சேப்பாக்கத்துக்கு ஆட்டத்தைச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

கிரிக்கெட் பார்த்தே பழகிய கண்ணோடு பேஸ்பால் பார்க்க உட்கார்ந்தால் கை தானாகத் தவறான இடத்தில் தட்டும். பின்பக்கமாகப் பறந்து கூட்டத்தில் விழும் பந்து நமக்கு சிக்ஸர், அங்கே அது வெறும் ஃபவுல். பந்து தரையில் குத்தாமல் வருவதால் சுழல் எங்கே என்று தேடுகிறோம், அது காற்றிலேயே வளைந்து முடிந்துவிடுகிறது. ஒன்று மட்டும் உடனே பிடித்துப்போகும்: கூட்டத்தில் விழுந்த பந்தைப் பிடித்தவரே வீட்டுக்கு எடுத்துப் போகலாம்!

வளைகுடாவுக்கு பேஸ்பால் புதிதும் அல்ல. சவூதியின் தஹ்ரானில் எண்ணெய் நிறுவன அமெரிக்கக் குடும்பங்களின் பிள்ளைகள் பல ஆண்டுகளாக ஆடி, சிறுவர் உலகத் தொடருக்கே பலமுறை போனார்கள். ஆனால் அது குடியிருப்பின் மதிலுக்குள் நடந்த ஆட்டம். வெளியே லாரி ஓட்டியவருக்கும் கம்பி கட்டியவருக்கும் அது எட்டவில்லை. கிரிக்கெட்டுக்கு அந்த மதில் இல்லை.

லீகும் இதை உணர்ந்திருப்பதாகவே தெரிகிறது. ஹோம் ரன்னுக்கு இரட்டிப்பு ஓட்டம் தரும் 'மணிபால்' போன்ற விதிகள் எல்லாம் ஐபிஎல் பார்த்தவரை இழுக்கத்தான். எனக்கு அவற்றில் பெரிய நம்பிக்கை இல்லை. அதைவிட, 2025 நவம்பர் 14ஆம் தேதி முதல் சீசனைத் துபாயின் புறநகரில், சுமார் 3,000 பேர் அமரும் பேரி லார்கின் ஃபீல்டில் தொடங்கியதைப் புத்திசாலித்தனம் என்பேன். அடுத்து, அல் கூஸ் தொழிலாளர் முகாம்களுக்கு நூறு மட்டைகளும் கையுறைகளும் அனுப்பட்டும்.