செய்திக்குழுக்களின் சாவி

வாட்ஸ்ஆப்பில் மூழ்கியிருக்கும் தம்பி தங்கைகளுக்கு, உப்பளத்திலிருந்து இந்த அண்ணன் சொல்லும் பழைய கதை இது. 1979-ல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக மாணவர்கள் டாம் டிரஸ்காட், ஜிம் எல்லிஸ் இருவரும் யூஸ்நெட்டுக்கு வித்திட்டார்கள். 1986-ல் என்.என்.டி.பி. விதிமுறை வந்தது. 'குரூப்' என்று கேட்டால் எத்தனை கட்டுரை, முதல் எண், கடைசி எண் எல்லாம் சர்வர் சொல்லிவிடும். 'ஆர்ட்டிகிள்' என்று எண்ணைக் கொடுத்தால் கட்டுரையே வந்துவிடும். இந்தக் கேள்வி பதிலை நாலு வரியில் முடித்துக் கொடுத்தது பைத்தானின் 'என்.என்.டி.பி.லிப்'.

'சாக்.கல்ச்சர்.தமிழ்' குழுவில் கடல்கடந்த நம்மவர்கள் ரோமன் எழுத்தில் தமிழ் பேசினார்கள். சர்வர்கள் பலவற்றில் கெடு முடிந்ததும் கட்டுரைகள் அழிந்துபோகும். 2024 அக்டோபரில் வந்த பைத்தான் 3.13-ல் அந்த நூலகத்தையும் எடுத்துவிட்டார்கள். பழைய பைத்தான் இன்றும் ஓடும். புராஜெக்ட் தேடுகிறவர்களே, இருப்பதையாவது சேமித்து வையுங்களேன்!