ஆஸ்போர்ன் கணினியும் திருவண்ணாமலைச் சிறுவனும்



வரலாறு என்றவுடன் நம் மாணவர்களுக்குக் கல்வெட்டும் செப்பேடும் கோட்டை கொத்தளங்களும்தாம் நினைவுக்கு வருகின்றன. நாற்பது ஆண்டுகளுக்கு முற்பட்ட ஒரு கணினியும் வரலாற்று ஆவணமே என்பதை அண்மையில் நேரில் உணர்ந்தேன். அதனை ஆசிரியர்களோடும் பெற்றோர்களோடும் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நண்பர் ஒருவரின் வீட்டுச் சேமிப்பறையில் பல்லாண்டுகள் உறங்கிக் கிடந்த 'ஆஸ்போர்ன் 1' கணினி, பழைய இரும்புக்குப் போகும் முன் என் கைக்கு வந்தது. தையல் இயந்திரப் பெட்டி போன்ற தோற்றம். தூக்குவதற்கு ஒரு கைப்பிடி. மூடியைக் கழற்றினால் அதுவே விசைப்பலகை. எடையோ ஏறக்குறைய 11 கிலோ! வணிக அளவில் வெற்றிபெற்ற முதல் 'எடுத்துச் செல்லும் கணினி' இதுதான்.

யார் இந்த ஆஸ்போர்ன்?

இக்கணினிக்குத் தம் பெயரைத் தந்த ஆடம் ஆஸ்போர்ன் 1939-ஆம் ஆண்டு பாங்காக்கில் பிறந்தவர். தந்தையார் ஆர்தர் ஆஸ்போர்ன் ஆங்கிலேயர். தாயார் போலந்து நாட்டவர். இரண்டாம் உலகப் போரின்போது தந்தையார் பாங்காக்கில் சப்பானியரின் தடுப்புக் காவலில் இருக்க, தாயும் பிள்ளைகளும் திருவண்ணாமலையில் இரமண மகரிசியின் ஆசிரமத்தை அண்டி வாழ்ந்தனர். அங்கே தமிழைச் சரளமாகப் பேசி வளர்ந்த அச்சிறுவன், கொடைக்கானலில் பள்ளிக்குச் சென்றான். பின்னர் இங்கிலாந்தில் வேதிப்பொறியியல் பயின்று, அமெரிக்காவில் முனைவர் பட்டம் பெற்றார். நுண்கணினிகளைப் பற்றி எளிய நூல்களை எழுதி வெளியிட்டார். தம் பதிப்பகத்தை 1979-இல் மெக்ரா-ஹில் நிறுவனத்திற்கு விற்றார்.

அதன்பின் லீ ஃபெல்சென்ஸ்டைன் என்னும் பொறியாளரின் வடிவமைப்பில் ஆஸ்போர்ன் 1 உருவாயிற்று. 1981 ஏப்ரலில் சான் பிரான்சிஸ்கோவில் நடைபெற்ற கணினிக் கண்காட்சியில் அது அறிமுகமானது. விலை 1,795 அமெரிக்க வெள்ளி.

உயிர் கொடுத்த கதை

பழைய மின்பொருள் கிடைத்தவுடன் அதனை மின்சாரத்தில் செருகிப் பார்க்கத் தோன்றுவது இயல்பு. அதைத்தான் செய்யக் கூடாது. மின்னணுப் பழுதுபார்ப்பில் தேர்ந்த என் முன்னாள் மாணவரிடம் முதலில் பெட்டியைத் திறக்கக் கொடுத்தேன். படக்குழாயிலும் மின்வழங்கியிலும் உயர் மின்னழுத்தம் தேங்கியிருக்கக் கூடும். ஆகவே, பயிற்சியற்றோரும் சிறுவரும் இதில் கைவைத்தல் ஆகாது.

முதலில் பின்புறத்தைப் பார்த்து, கணினி எந்த மின்னழுத்தத்திற்கு உரியது என உறுதிசெய்துகொண்டார். அமெரிக்காவின் 110 வோல்ட்டுக்கு உரிய பொருளை நம் நாட்டு மின்சாரத்தில் செருகினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. அடுத்து, மின்வழங்கியில் இருந்த மின்தேக்கிகளை ஆராய்ந்தார். அக்காலத்துத் தாள்வகை மின்தேக்கிகளின் மேலுறை காலப்போக்கில் வெடிப்புற்று ஈரத்தை உள்ளிழுத்துக்கொள்ளும். மீண்டும் மின்சாரம் பாய்ந்தால் அவை புகைந்து வெடிக்கும். எந்த ஊரில் செய்த பொருளாயினும் மூப்பு இப்படித்தான் வரும். ஆகவே, அவை நன்றாக இருந்தனவா இல்லையா என்று சோதிக்காமலே புதியன பொருத்தப்பட்டன. பிறகு மின்வழங்கியைத் தனியாக இயக்கி, 5 வோல்ட்டும் 12 வோல்ட்டும் சரியாக வருகின்றனவா என அளந்த பின்னரே மூலப்பலகையோடு இணைத்தார்.

சில்லுகளின் கால்களில் படிந்த களிம்பைத் துடைத்தோம். இரண்டு நெகிழ்தட்டு இயக்கிகளிலும் இறுகிப்போயிருந்த பழைய மசகை அகற்றி, படிக்கும் முனைகளை ஆல்ககாலால் தூய்மை செய்தோம். தட்டுகளின் காந்தப்பூச்சு எத்தனை ஆண்டு தாங்கும் என்று எவராலும் உறுதிகூற முடியாது. எனவே, பழங்கணினி ஆர்வலர்கள் இணையத்தில் பாதுகாத்து வைத்துள்ள படியிலிருந்து ஒரு புதிய தொடக்கத் தட்டைத் தயாரித்துக்கொண்டோம்.

விசையைத் தட்டியதும் ஐந்தங்குலத் திரை மெல்ல ஒளிர்ந்து, தட்டை இடுமாறு கேட்டது. இட்டோம். கரகரவென்ற ஓசைக்குப் பின் 'ஏ' என்னும் எழுத்தும் ஓர் அம்புக்குறியும் தோன்றின. சிபி/எம் இயங்குதளம் விழித்துக்கொண்டது! பார்க்க வந்த மாணவி ஒருத்தி, "ஐயா, இந்தத் திரை எங்கள் அம்மாவின் கைப்பேசியைவிடச் சிறியதாக இருக்கிறதே!" என்றாள். உண்மைதான். ஒரு வரியில் 52 எழுத்துகளே தெரியும். எஞ்சியவற்றைக் காணத் திரையைப் பக்கவாட்டில் நகர்த்த வேண்டும்.

பெட்டிக்குள் கண்ட பாடம்

திறந்து பார்த்தபோது ஓர் உண்மை விளங்கிற்று. உள்ளே இருந்தவற்றுள் எதுவுமே புதிய கண்டுபிடிப்பன்று. இசட்-80 செயலி, 64 கிலோபைட்டு நினைவகம், நெகிழ்தட்டு இயக்கிகள் யாவும் அன்றே கடைகளில் கிடைத்தவை. மிகச் சிறந்ததைத் தேடிக்கொண்டிராமல், போதுமானவற்றை ஒன்றுதிரட்டி, எளியவர் வாங்கும் விலையில் ஒரே பெட்டியில் தந்ததே ஆஸ்போர்னின் சாதனை. வேர்டுஸ்டார், சூப்பர்கால்க், பேசிக் ஆகிய மென்பொருள்களும் அவ்விலைக்குள் அடங்கின. ஒரு கட்டத்தில் மாதத்திற்கு 10,000 கணினிகள் விற்றன எனில் மக்கள் தந்த வரவேற்பைப் புரிந்துகொள்ளலாம்.

ஆயினும், 1983 செப்டம்பரில் நிறுவனம் நொடித்துப்போனது. புதிய 'எக்சிகியூட்டிவ்' கணினியை முன்கூட்டியே அறிவித்ததால், மக்கள் பழையதை வாங்காமல் காத்திருந்தனர் என்பர். 'ஆஸ்போர்ன் விளைவு' என்னும் தொடரே வணிகவியலில் நிலைத்துவிட்டது. ஆனால், அந்த அறிவிப்பு ஒன்றே வீழ்ச்சிக்குக் காரணம் என்பது முழு உண்மையன்று. அதே விலையில் பெரிய திரையோடு கேப்ரோ வந்தது. ஐபிஎம் கணினியோடு ஒத்தியங்கும் காம்பேக்கும் வந்தது. சந்தையே திசைமாறிக்கொண்டிருந்தது.

பின்னாளில் மூளைநோயால் நலிவுற்ற ஆஸ்போர்ன், 1992-இல் இந்தியா திரும்பி, தம் தமக்கையின் அருகில் கொடைக்கானலில் வாழ்ந்து, 2003 மார்ச்சு 18-ஆம் நாள் அங்கேயே காலமானார். பள்ளிக்குச் சென்ற மலையிலேயே அவர் வாழ்வு நிறைவுற்றது.

ஒரு மனிதரின் அறுபத்து நான்கு ஆண்டுகளை 'ஆஸ்போர்ன் விளைவு' என்னும் இரண்டு சொற்களில் உலகம் சுருக்கிவிட்டது. நாமும் அதைத்தானே செய்கிறோம்? தேர்ச்சி அறிக்கையில் ஒற்றை வரி. 'இவனுக்குக் கணக்கு வராது' என்னும் முத்திரை. அந்த வரி முழுப் பொய்யாக இல்லாமல் இருக்கலாம். ஆனால், பெட்டியைத் திறந்து பார்த்தவர் எழுதிய வரியா அது? பழுதுபார்ப்பவர் மேலே ஒட்டிய சீட்டை நம்புவதில்லை. உள்ளே எது இயங்குகிறது, எது மாற்றினால் இயங்கும் என்றே தேடுகிறார். வகுப்பறையிலும் வீட்டிலும் நமக்கு வேண்டியது அந்தப் பொறுமைதான்.

சிந்திப்போம்!