திமிங்கல எண்ணெயிலிருந்து டெக்ஸ்ரான் வரை: பழைய கார்வெட் காரின் தானியங்கி கியர்பெட்டி எண்ணெய்

தானியங்கி கியர்பெட்டி உள்ள காரில் கிளட்ச் பெடல் கிடையாது. ஓட்டுநரின் இடது கால் செய்யவேண்டிய வேலையைப் பெட்டிக்குள் இருக்கும் சிவப்பு நிற எண்ணெய் செய்கிறது. எஞ்சினின் விசையைச் சக்கரங்களை நோக்கிக் கடத்துவது, கிளட்ச் தட்டுகளை அழுத்தி இறுக்குவது, அவை வழுக்கவேண்டிய அளவுக்கு மட்டும் வழுக்கவிடுவது, உண்டாகும் சூட்டை வெளியே கொண்டுபோவது ஆகிய அனைத்தும் இந்த ஒரே திரவத்தின் பொறுப்பு. எஞ்சின் ஆயிலைப் போல இதுவும் ஒரு மசகு எண்ணெய்தானே என்று பலர் எண்ணுகின்றனர். மசகிடுவது இதன் வேலைகளில் ஒன்றுதான்.

ஐம்பது ஆண்டுகளுக்கு முந்தைய விளையாட்டுக் கார் ஒன்றை வைத்திருப்பவர் இந்த எண்ணெயைச் சரிபார்க்க முற்படும்போது இரண்டு கேள்விகள் எழுகின்றன. எண்ணெய் போதிய அளவு இருக்கிறதா? குறைந்தால் எதை ஊற்றுவது? முதல் கேள்விக்கு அளவுக்கம்பி விடை சொல்லும். இரண்டாவதற்கு விடை தேடினால் அது அமெரிக்கக் கார்த் தொழிலின் வரலாற்றுக்குள்ளும் பசிபிக் கடலின் திமிங்கல வேட்டைக்குள்ளும் நம்மை இழுத்துச் செல்லும். இக்கட்டுரை செவர்லே நிறுவனத்தின் கார்வெட் காரை, குறிப்பாக 1968இல் வெளிவந்த அதன் மூன்றாம் தலைமுறையை, எடுத்துக்காட்டாகக் கொள்கிறது.

திரவத்தைக் கொண்டு விசையைக் கடத்தலாம் என்ற எண்ணம் கார்களுக்காகத் தோன்றியதன்று. ஜெர்மானியப் பொறியாளர் ஹெர்மன் ஃபட்டிங்கர் 1905இல் கப்பல்களை மனத்தில் வைத்து இதற்குக் காப்புரிமை பெற்றார். எதிரெதிரே வைத்த இரண்டு மின்விசிறிகளை நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்றைச் சுழலவிட்டால் அதன் காற்றில் மற்றதும் சுழலும். காற்றுக்குப் பதில் எண்ணெய், அதுவும் மூடிய கூட்டுக்குள் என்றால் அதுவே திரவ இணைப்பு. இந்த அமைப்பைக் கோளப் பற்சக்கரத் தொகுதிகளோடு சேர்த்து, ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தில் ஏர்ல் தாம்சன் தலைமையிலான குழு ஹைட்ரா-மாட்டிக் என்னும் நான்கு வேகக் கியர்பெட்டியை உருவாக்கியது. 1939இல் அறிவிக்கப்பட்டு, 1940ஆம் ஆண்டு ஓல்ட்ஸ்மொபீல் கார்களில் அது விற்பனைக்கு வந்தது. இரண்டாம் உலகப் போரில் எம்5 ஸ்டூவர்ட், எம்24 சாஃபி ஆகிய டாங்கிகளிலும் அதே பெட்டி பொருத்தப்பட்டது. டாங்கியில் தாக்குப்பிடித்த பெட்டி என்ற பெயர் போருக்குப் பிந்தைய விற்பனைக்கு உதவியது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

தானியங்கிக் கார்கள் பெருகியபின் எண்ணெய் எங்கும் கிடைத்தாக வேண்டும். ஆனால் எவரும் எதையும் சிவப்புச் சாயம் கலந்து விற்றுவிடக் கூடாது. எனவே 1949இல் ஜெனரல் மோட்டார்ஸ் 'டைப் ஏ' என்னும் தர வரையறையை வெளியிட்டது. தேர்வில் தேறிய எண்ணெய்க்கு ஓர் அனுமதி எண் தரப்படும், அந்த எண் தகரக் குவளையின்மீது பொறிக்கப்படும். 1957இல் 'டைப் ஏ, சஃபிக்ஸ் ஏ' வந்தது. 1967இல் வந்த வரையறைக்கு டெக்ஸ்ரான் என்று பெயர். அதே 1967இல் ஃபோர்டு நிறுவனம் 'டைப் எஃப்' என்ற வேறொரு வழியில் சென்றது. அந்த வேறுபாட்டைப் பின்னர்க் காண்போம்.

கார்வெட் பிறந்ததே தானியங்கிக் காராகத்தான் என்பது பலருக்கு வியப்பளிக்கும். 1953 ஜனவரியில் நியூயார்க் கண்காட்சியில் காட்டப்பட்டு, அவ்வாண்டு ஜூன் இறுதியில் ஃபிளின்ட் நகரில் உற்பத்தி தொடங்கியது. அந்த ஆண்டு செய்யப்பட்ட 300 கார்களும் வெள்ளை நிறம். அனைத்திலும் இருந்தது பவர்கிளைடு என்னும் இரண்டு வேகத் தானியங்கிப் பெட்டியே. விளையாட்டுக் கார் என்றால் கியர் கம்பியைக் கையால் மாற்றித்தான் ஓட்டவேண்டும் என்று நம்பிய ரசிகர்கள் முகம் சுளித்தார்கள். அவர்கள் குறை சொன்னதிலும் நியாயம் உண்டு, இரண்டே வேகங்கள் போதாது. 1968 மாதிரியில்தான் பவர்கிளைடுக்குப் பதிலாக மூன்று வேக டர்போ ஹைட்ரா-மாட்டிக் 400 கிடைத்தது. 1964இல் காடிலாக் கார்களுக்காக வந்த வலுவான பெட்டி அது. அதில் ஊற்றவேண்டியது டெக்ஸ்ரான்.

திமிங்கலத்தின் பங்கு

1967ஆம் ஆண்டின் அந்த டெக்ஸ்ரானுக்குள், அதற்கு முந்தைய டைப் ஏ எண்ணெய்களைப் போலவே, எண்ணெய்த் திமிங்கலத்தின் கொழுப்பிலிருந்து எடுத்த ஒரு சேர்க்கை இருந்தது. நம் செய்தித்தாள்களில் 'அம்பர்கிரிஸ் கடத்தியவர்கள் கைது' என்று அடிக்கடி வருகிறதே, அந்த அம்பர்கிரிஸ் உருவாவதும் இதே திமிங்கலத்தின் குடலில்தான்.

மற்ற விலங்குக் கொழுப்புகளில் இல்லாதது இதில் என்ன இருந்தது? சாதாரணக் கொழுப்புகள் கிளிசரைடுகள். சூடு ஏறினால் சிதைந்து பிசினாகிவிடும். எண்ணெய்த் திமிங்கலத்தின் எண்ணெயோ பெரும்பகுதி மெழுகு எஸ்டர், அதாவது திரவ வடிவிலான மெழுகு. அது சூட்டையும் அழுத்தத்தையும் தாங்கும். அதன் மூலக்கூறுகள் உலோகப் பரப்பில் ஒட்டிக்கொண்டு மெல்லிய படலமாகும். தானியங்கிப் பெட்டியின் கிளட்ச் தட்டுகள் எண்ணெயில் நனைந்தபடியே ஒன்றையொன்று பற்றவேண்டியவை. பற்றும் கடைசி நொடியில் உராய்வு திடீரென உயர்ந்தால் கார் வெட்டி இழுக்கும். உராய்வு மிகக் குறைந்தாலோ தட்டுகள் வழுக்கிக் கருகும். இரண்டுக்கும் நடுவில் நிறுத்தும் பொருளுக்கு உராய்வு மாற்றி என்று பெயர். கந்தகம் சேர்த்துப் பதப்படுத்திய திமிங்கல எண்ணெய் அந்த வேலையைச் சிறப்பாகச் செய்தது. ஃபோர்டின் டைப் எஃப் எண்ணெயில் உராய்வு மாற்றி சேர்க்கப்படவில்லை. அது தட்டுகளைச் சட்டென்று பற்றவைக்கும் வகை. அதற்கேற்றவாறே ஃபோர்டு பெட்டிகள் வடிவமைக்கப்பட்டன. இரண்டும் சிவப்பு, இரண்டும் ஒரே கடையில் ஒரே அலமாரியில். நிறத்தைப் பார்த்து மாற்றி ஊற்றியவர்கள் எத்தனை பேரோ!

இதற்கிடையே எண்ணெய்த் திமிங்கலங்களின் எண்ணிக்கை சரிந்துகொண்டிருந்தது. அமெரிக்காவின் அருகிவரும் உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1969 டிசம்பரில் நிறைவேறியது. 1970இல் எண்ணெய்த் திமிங்கலம் அந்தப் பட்டியலில் சேர்ந்தது. திமிங்கலப் பொருள்களின் இறக்குமதி நின்றது. வேதியியலாளர்கள் அவசரமாக மாற்று தேடவேண்டியதாயிற்று. 1970களில் வந்த டெக்ஸ்ரான்-2 திமிங்கல எண்ணெய் இல்லாதது. அதன் தொடக்க வடிவம் ரேடியேட்டருக்குள் இருக்கும் எண்ணெய்க் குளிர்விப்பானின் பித்தளையையும் பற்றவைப்பையும் அரித்தது. அரிப்பைத் தடுக்கும் சேர்மம் சேர்த்து அதைத் திருத்தவேண்டி வந்தது. பாலைநிலச் செடியான ஹொஹோபாவின் விதை எண்ணெயும் மெழுகு எஸ்டரே என்பதால், ஆய்வாளர்களின் கவனம் அதன் பக்கமும் திரும்பியது.

நான் இச்சட்டத்தைக் குறை கூறமாட்டேன். ஒரு காரின் கியர் நெருடலின்றி மாறுவதற்காக ஒரு கடல்வாழ் பாலூட்டி அழியவேண்டியதில்லை. ஆனால் பழுதான கியர்பெட்டிக்குப் பணம் கட்டியவர் திமிங்கலத்தைப் பற்றி அறிந்திருக்கவும் வாய்ப்பில்லை. குவளையின்மீது அது எழுதப்பட்டிருக்கவில்லையே.

இன்று எதை ஊற்றுவது?

டெக்ஸ்ரான்-3 1993இலும், டெக்ஸ்ரான்-6 2005இலும் வந்தன. 2006 இறுதியோடு டெக்ஸ்ரான்-3க்கு உரிமம் வழங்குவதை ஜெனரல் மோட்டார்ஸ் நிறுத்திக்கொண்டது. பழைய டெக்ஸ்ரான் கேட்கும் பெட்டிகளுக்கு 6ஐ ஊற்றலாம் என்பது நிறுவனத்தின் நிலை. அது சற்று நீர்த்தது என்பதால் பழைய கார் மெக்கானிக்குகள் பலர் இன்றும் 3ஆம் வகையையே விரும்புகின்றனர். அந்தப் பெயரைத் தாங்கி இன்று விற்கப்படும் புட்டிகளுக்குப் பின்னால் உரிமம் தந்த நிறுவனத்தின் மேற்பார்வை இல்லை என்பதை வாங்குபவர் கவனிக்கவேண்டும். நம்பகமான தயாரிப்பாளரின் புட்டி என்றால் 1968ஆம் ஆண்டுப் பெட்டிக்கு இரண்டுமே பொருந்தும். டைப் எஃப் மட்டும் கூடாது.

அளவு பார்க்கும் முறை

எஞ்சின் ஆயிலை எஞ்சினை நிறுத்திவிட்டுப் பார்ப்போம். இங்கே அதற்கு நேர்மாறு. காரைச் சமதளத்தில் நிறுத்தி, கைப்பிரேக் போட்டு, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே பார்க்கவேண்டும். எஞ்சின் ஓடினால்தான் பம்பு எண்ணெயை இழுத்து டார்க் கன்வெர்ட்டரை நிரப்பும். நிறுத்தினால் அந்த எண்ணெய் மெல்லக் கீழ்த்தட்டில் வடிந்து பொய்யான உயர்மட்டத்தைக் காட்டும். பிரேக்கை மிதித்துக்கொண்டு கியர் கம்பியை எல்லா நிலைகளுக்கும் ஒருமுறை கொண்டுபோய், 'பார்க்' நிலையில் விடவேண்டும். (அக்காலக் கிறைஸ்லர் கார்களில் 'நியூட்ரல்' நிலையில் பார்ப்பார்கள். எல்லாக் காருக்கும் ஒரே விதி இல்லை.) எண்ணெய் 82 முதல் 93 டிகிரி செல்சியஸ் வரை சூடேறியிருந்தால், மட்டம் 'ஃபுல்' குறியில் நிற்கவேண்டும். சூட்டில் எண்ணெய் விரிவதால், ஓடாமல் கிடந்த குளிர்ந்த பெட்டியில் அது 'ஆட்' குறிக்கும் கால் அங்குலம் கீழே இருப்பதுதான் சரி. இது தெரியாமல் குளிர்ந்த பெட்டியை 'ஃபுல்' வரை நிரப்பிவிட்டால், சூடேறியபின் எண்ணெய் சுழலும் பாகங்களில் அடிபட்டு நுரைக்கும். நுரைக்கு அழுத்தம் தாங்காது, தட்டுகள் வழுக்கும். இரு குறிகளுக்கும் இடையே ஒரு பைண்ட், அதாவது ஏறக்குறைய அரை லிட்டர்தான். எனவே சிறுகச் சிறுக ஊற்றவேண்டும்.

கம்பியில் வந்த சொட்டை வெள்ளைத் தாளில் விட்டுப் பாருங்கள். தெளிந்த சிவப்பு நல்லது. லேசான பழுப்பு என்றால் வயது. கறுத்து, கருகல் வாடையும் வீசினால் தட்டுகள் கருகியிருக்கின்றன, எண்ணெயை மாற்றுவது மட்டும் போதாது. ரோஸ்மில்க் நிறத்தில் இருந்தால் குளிர்விப்பான் ஓட்டையாகி ரேடியேட்டர் நீர் உள்ளே கலந்துவிட்டது. அப்படியானால் காரை ஓட்டவே கூடாது.

தரையில் ஒரு சொட்டும் இல்லாமல் எண்ணெய் குறைந்துகொண்டே போகிறது, புகைக்குழாயில் வெண்புகை வருகிறது என்றால், இப்பெட்டியின் பக்கவாட்டில் இருக்கும் வேக்குவம் மாடுலேட்டரைச் சந்தேகிக்கவேண்டும். அதன் சவ்வு கிழிந்தால் எஞ்சினே கியர் எண்ணெயை உறிஞ்சி எரித்துவிடும். சிறு பாகம்தான், மாற்றுவதும் எளிது. இதற்கு மாறாக, மாதக்கணக்கில் கொட்டகையில் நின்ற காரின் அடியில் சிவப்புத் திட்டு தெரிந்தால் உடனே பெட்டியைக் கழற்றவேண்டாம். கன்வெர்ட்டரிலிருந்து வடிந்த எண்ணெய் கீழ்த்தட்டை நிறைத்து, கியர்த் தண்டின் சீல் வழியே கசிந்திருக்கலாம். அடிக்கடி ஓடும் காரில் இந்தக் கசிவு தெரிவதில்லை.

எண்ணெயை மாற்றுவதில் ஒரு சங்கடம் உண்டு. கீழ்த்தட்டில் வடிகால் திருகாணி கிடையாது. தட்டையே கழற்றவேண்டும், எண்ணெய் கையெல்லாம் வழியும், வடிகட்டியையும் அப்போதே மாற்றிவிடுவார்கள். பெட்டியின் மொத்தக் கொள்ளளவு ஏறத்தாழ 10 லிட்டர். தட்டைக் கழற்றினால் வெளியே வருவது மூன்றரை லிட்டர் அளவே. மீதி டார்க் கன்வெர்ட்டரிலும் குழாய்களிலும் தங்கிவிடும். ஆகவே ஒருமுறை மாற்றியபின் சில நூறு கிலோமீட்டர் ஓட்டி, மீண்டும் ஒருமுறை தட்டைக் கழற்றி மாற்றுவது பழைய கார்க்காரர்களின் வழக்கம். அப்போதும் பழைய எண்ணெயில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு உள்ளேயே இருக்கும்.