பல சங்க உறுப்பினர் நிலை

ஒரு தொழிலாளி ஒரே காலத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட தொழிற்சங்கங்களில் உறுப்பினராக இருத்தல். 1926ஆம் ஆண்டின் இந்தியத் தொழிற்சங்கச் சட்டம் இதைத் தடுக்கவில்லை. 1958இல் ஐ.என்.டி.யு.சி., ஏ.ஐ.டி.யு.சி., எச்.எம்.எஸ்., யு.டி.யு.சி. ஆகிய நான்கு மைய அமைப்புகள் ஏற்ற நடத்தை நெறி, இரட்டை உறுப்பினர் நிலை கூடாது என்றது. அந்நெறிக்குச் சட்ட வலிமை இல்லை.

காரணங்கள்: ஒரே பணியிடத்தில் கட்சி சார்ந்த பல சங்கங்கள் இயங்குவதும் சந்தா குறைவாக இருப்பதும் ஆகும். வேலை கைநழுவும் அச்சமும் ஒரு காரணம். கொச்சித் துறைமுகத்தில் வீசி எறியப்படும் உலோக வில்லையைப் பிடித்தவருக்கே அன்றைய வேலை என்ற ‘சாப்பா’ முறை இருந்தது. அதை எதிர்த்த மட்டாஞ்சேரித் தொழிலாளர்கள்மீது 1953 செப்டம்பர் 15 அன்று துப்பாக்கிச் சூடு நடந்தது.

விளைவு: ஒரே பெயர் இரு பதிவேடுகளில் ஏறுவதால் சங்கங்களின் உண்மையான பலம் மறைகிறது, பேச்சுவார்த்தை உரிமை குறித்துப் பூசல் எழுகிறது.

தீர்வு: சம்பளத்தில் சந்தா பிடிக்க ஒரு சங்கத்துக்கு மட்டும் ஒப்புதல் தருவது ஒரு வழி. இரகசிய வாக்கெடுப்பு மற்றொன்று; 2010ஆம் ஆண்டின் கேரளத் தொழிற்சங்க அங்கீகாரச் சட்டம் இவ்வழியை ஏற்றது. எத்தனை சங்க அட்டைகள் வைத்திருந்தாலும் தொழிலாளிக்கு வாக்கு ஒன்றே.