ஒரு கில்டர் வாடகை

ஏழையாய் முதுமையடைந்தவனுக்கு உண்ணச் சோறும் ஒதுங்கக் கூரையும் அளித்துவிட்டால் தருமம் பூர்த்தியாயிற்று என்று உலகம் எண்ணியிருந்த காலத்தில், அவனுக்கு மானம் என்று ஒன்று உண்டு என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொண்ட ஓர் ஏற்பாடு ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரத்தில் உண்டாயிற்று. சக்கரவர்த்திகளுக்கே கடன் கொடுத்த தனவந்தர் யாக்கோப் ஃபுக்கர், 1516-இல் கட்டத் தொடங்கி, 1521 ஆகஸ்டில் தம் பெயராலும் காலஞ்சென்ற சகோதரர் இருவர் பெயராலும் சாஸனம் எழுதிவைத்த அக்குடியிருப்புக்கு ஃபுக்கராய் என்று பெயர். இன்றும் அதில் ஏறக்குறைய 150 பேர் வசிக்கிறார்கள்.

பிச்சைக்கு இறங்காமல் உழைத்தும் வறுமை தீராத கத்தோலிக்கக் குடிமக்களுக்கே அங்கு இடம். மதத்தால் இட்ட அந்த வரம்பை நான் ஒரு குறையாகவே கருதுகிறேன். ஆயினும் வந்து சேர்ந்தவர்களைப் பொதுக்கூடம் ஒன்றில் வரிசையாகக் கிடத்தாமல், மாடியில் குடியிருப்பவருக்குங்கூடத் தெருவிலிருந்தே நுழையும் தனி வாசல் வைத்து, சமையற்கட்டோடு கூடிய தனி ஜாகையாகவே கட்டிக்கொடுத்தார்கள். அவரவர் கதவை அவரவர் சாத்திக்கொள்ளலாம் என்ற அந்த ஒரு சௌகரியம், தள்ளாத வயதில் எவ்வளவு பெரிய பாக்கியம் என்பதைப் பிறர் வீட்டுக் கூடத்து மூலையில் நாளைக் கழித்த முதியவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

வாடகை வருஷத்துக்கு ஒரு ரைன் கில்டர். இன்றைய நாணயத்தில் 88 யூரோ சென்ட். நாணயம் பலமுறை மாறியும் தொகை உயர்த்தப்படவேயில்லை. இதோடு, ஸ்தாபகருக்காகத் தினமும் மூன்று பிரார்த்தனைகள் சொல்லவேண்டும் என்பதும் நிபந்தனை. இந்த இரண்டிலுந்தான் அவருடைய விவேகம் முழுவதும் அடங்கியிருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. இலவசமாகக் கொடுத்திருந்தால் பெற்றவர் கடனாளியாகவே கண்மூடியிருப்பார். சிறு தொகையாவது செலுத்தியவர் குடித்தனக்காரர் ஆகிவிடுகிறார். அன்றியும், ஒரு கோடீசுவரரின் ஆன்மா கடைத்தேற ஏழைக் கிழவி ஒருத்தி நாள்தோறும் ஜெபிக்கிறாள் என்றால், அங்கே கொடுப்பவர் யார், பெறுபவர் யார்?

சங்கீத மேதை மோஸார்ட்டின் கொள்ளுப்பாட்டனாரான கொத்தனார் ஃபிரான்ஸ் மோஸார்ட் 1681 முதல் 1694 வரை இங்கேதான் குடியிருந்தார். 1944 பிப்ரவரியில் குண்டுவீச்சால் பெரும்பகுதி இடிந்து விழுந்தபோதும், பழைய அமைப்பிலேயே திரும்ப எழுப்பினார்கள். வாசல்தோறும் மணியை இழுக்கும் இரும்புப் பிடி ஒன்று உண்டு. ஒன்று இலை வடிவம், மற்றொன்று பைன் மரத்துக் காய் வடிவம் என்று வீட்டுக்கு வீடு வேறுபடும். தெருவிளக்கில்லாத அந்நாட்களில், இருளில் வருகிறவர் கையால் தடவிப்பார்த்தே தம் வாசல் இது என்று அறிந்துகொள்வார்.